முன்னறைப் பலகைக்குக் கீழே

குறிஞ்சிப்பிட்டி
2024 மே 14

அன்பு மகள் சுஜாந்திக்கு,

தலவிலைக் கோயில் அன்னம்மாள் உன்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

ஃபோன் எடுத்தால் நீ எடுப்பதில்லை. அதற்காகக் கோபமில்லை, மகள். நத்தார்ப் பண்டிகைக்கு நீ அனுப்பும் ஒரு வரியைப் பங்குனி வரைக்கும் வைத்துப் பார்ப்பேன். பதில் எழுத எனக்கு ஃபோனின் அந்தச் சின்னக் கண்ணாடியில் கை வராது. கல்பிட்டித் தபால் கந்தோரில் கேட்டேன். இத்தாலிக்குக் கடிதம் போக மூன்று கிழமை செல்லுமாம். அம்மாவை அடக்கம் பண்ணி மூன்று வருஷம். அன்றிலிருந்து நாங்கள் ஒழுங்காகக் கதைக்கவில்லை. மூன்று கிழமை எனக்குப் பெரிதில்லை.

சோழகக் காற்று எழும்பிவிட்டது. கடலுக்கு ஒருவரும் இறங்குவதில்லை. களப்பில் கொஞ்சம் இறால் படுகிறது, அவ்வளவுதான். வீட்டோடு கிடக்கிறேன்.

வீட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன செவ்வாய்க்கிழமை முன்னறையில் கதிரையில் உட்கார்ந்தேன். கதிரையின் ஒரு கால் பலகைக்குள் இறங்கிவிட்டது. மாரி வெள்ளத்துக்குப் பயந்து முருகைக்கல் தூண்களின் மேல் இரண்டடி உயர்த்திக் கட்டிய வீடு. வெள்ளம் அதை ஒன்றும் செய்யவில்லை, கறையான் செய்துவிட்டது. மேசன் றொபியைக் கூட்டி வந்து காட்டினேன். அவன் மேலே நின்று தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, கீழ மரமெல்லாம் உக்கிப்போச்சுது. பலகையைக் கழட்டிப்போட்டு கிரவல் நிரப்பி சீமெந்து போடுவம்" என்றான். கீழே போய்ப் பார்த்துச் சொல் என்றால் அவனுடைய வயிறு பின்படிப் பக்கம் இருக்கும் துவாரத்துக்குள் போகாது. நான்தான் போனேன். அறுபத்திரண்டு வயதில் நெஞ்சால் ஊர்ந்து போனேன் என்றால் நீ சிரிப்பாய்.

உள்ளே மணல் குளிர்ந்து கிடந்தது. வெளியே கச்சான் காற்று அடித்துக் கண்ணைத் திறக்க முடியாத வெயில், அங்கே ஈரக் காற்று. டோர்ச் அடித்தால் தூணெல்லாம் கறையான் கோடு. பழைய வலைத்துண்டு, பெருச்சாளி வளை, உன் அப்பம்மாவின் உடைந்த பானை. முன்னறைக்கு நேர் கீழே வந்தபோது வேறு சாமான்கள் இருந்தன. பன்பாய் ஒன்று, தொட்டால் தூளாகிறது. ஜாம் போத்தல் ஒன்று. பலகையின் அடிப்பக்கத்தில் கரியால் கீறிய மீன், வள்ளம், ஒரு கோழி. நீ சின்னதில் அங்கே வீடு கட்டி விளையாடினாயா? எனக்குச் சொல்லவே இல்லையே.

அம்மாவின் கொம்புச் சீப்பும் மணலுக்குள் கிடந்தது. தொலைந்துபோனது என்று சொல்லியிருந்தாள். அது எப்படி அங்கே போனது?

உனக்கு நேரம் கிடைத்தால் எழுது. கிரவல் நிரப்புவது பற்றி றொபிக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா இன்னாசிப்பிள்ளை


கத்தானியா
2024 ஜூன் 12

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு நாள் திறக்காமல் அலுமாரிக்குள் வைத்திருந்தேன். நான் வேலைக்கு நின்று பார்த்துக்கொள்ளும் இத்தாலிக்காரப் பாட்டிக்குத் தொண்ணூற்றொரு வயது. கடித உறையைக் கண்டுவிட்டு ஒவ்வொரு நாளும் என்னைக் கேட்டா, யாருடைய கடிதம், ஏன் திறக்கவில்லை என்று. அவவின் கரைச்சல் தாங்காமல்தான் திறந்தேன்.

அது விளையாட்டு வீடு இல்லை, அப்பா. நீங்கள் குடித்துவிட்டு வரும்போது நானும் அம்மாவும் ஒளிந்த இடம்.

சோழகக் காலத்தில் உங்களுக்குக் கடல் இல்லை. மத்தியானமே கசிப்புக் குடித்துவிட்டு வருவீர்கள். படலைச் சத்தம் கேட்டதும் அம்மா சோற்றை மேசையில் மூடி வைத்துவிட்டு என்னைப் பின்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவா. அங்கே கிடுகுத் தட்டியை விலக்கினால் உள்ளே போகலாம். எனக்கு ஆறு வயதில் தொடங்கியது. பதினொரு வயது வரைக்கும் போனோம்.

நீங்கள் மேலே நடப்பீர்கள். எந்தக் கால் எந்தப் பலகையில் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். "பாக்கியம், பாக்கியம்" என்று கூப்பிடுவீர்கள். முதலில் மெதுவாக, பிறகு வேறு மாதிரி. ஒருநாள் சோற்றுப் பீங்கானை எறிந்தீர்கள். குழம்பு பலகை இடுக்கால் ஒழுகி அம்மாவின் கழுத்தில் விழுந்தது. அம்மா அதைத் துடைக்கவில்லை. கையைத் தூக்கினால் காப்புச் சத்தம் கேட்கும் என்று பயம். அவவின் இடது காது கேட்காமல் போனது எப்படி என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

சீப்பு அம்மா கொண்டு வந்ததுதான். நீங்கள் மேலே நித்திரையான பிறகும் நாங்கள் உடனே வெளியே வருவதில்லை. அம்மா எனக்குப் பேன் பார்த்து, தலை வாரிப் பின்னிவிடுவா. வீட்டுக்குள் அவவுக்கு ஏது நேரம். கருவாடு காயவைக்கிறது, வலை பொத்துகிறது, அடுப்பு. அங்கே ஒரு வேலையும் இல்லை. என் காதுக்குள் கதை சொல்லுவா. ஜாம் போத்தலில் எனக்குச் சீனி போட்ட தேத்தண்ணி இருக்கும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவை நினைத்தால் எனக்கு அடுப்படி அம்மா ஞாபகம் வருவதில்லை. அந்த மணலில் என் பக்கத்தில் படுத்திருக்கிற அம்மாதான் வருகிறா. இங்கே குளிர்காலத்தில் கட்டிலில் படுத்தால் அந்த ஈர மணலின் மணம் வருகிறது. அங்கே போய்க் கொஞ்ச நேரம் படுத்திருந்தால் போதும் போல் இருக்கும். பயந்து ஒளிந்த இடத்துக்கு ஒருத்தி இப்படி ஏங்குவாளா என்று என்னை நானே கேட்கிறேன்.

மூடுவதென்றால் மூடுங்கள். சீப்பை எறிய வேண்டாம்.

சுஜாந்தி


குறிஞ்சிப்பிட்டி
2024 ஜூலை 6

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் தந்ததும் கடற்கரைக்குக் கொண்டு போய் வாசித்தேன். வீட்டுக்குள் வைத்து வாசிக்க முடியவில்லை.

நீ எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்தப் பீங்கானை எறிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மீன் குழம்பில் உப்புக் கூட என்று எறிந்தேன். காது விஷயமும் ஞாபகம் இருக்கிறது. குடித்தவனுக்கு மறந்துபோகும் என்று ஆட்கள் சொல்வார்கள். எனக்கு மறக்கவில்லை, மகள்.

மைமூனா ராத்தாவிடம் போனேன். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம் சனத்தோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து நம் வேலிக்கு அப்பால் குடிசை போட்டவ. உன் அம்மாவுக்கு அவவை விட்டால் வேறு யாரும் இருக்கவில்லை. இப்போது கண் சரியாகத் தெரியாது. குரலை வைத்து என்னைப் பிடித்துக்கொண்டா. "பாக்கியமும் பிள்ளையும் எங்க ஒளிஞ்சவங்க எண்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி, தெரியும்" என்றா. "நீங்க கடக்கரப் பக்கம் போனதும் நான்தான் கோழியக் கூப்புடுற மாதிரி கூப்புடுவன். அதக் கேட்டுத்தான் ரெண்டு பேரும் வெளிய வருவாங்க."

"ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லையே."

"ஏன் சொல்லணும்? நான் ஒரு ஊரையே உட்டுட்டு ஓடி வந்தவள். ஒரு பொம்புள ஒளிஞ்சிருக்கிற எடத்த நான் காட்டிக் குடுப்பனா?"

பிறகு, "புள்ள எழுதினாளா?" என்று கேட்டா. எழுதினாள் என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டா. நான் அந்த வாசலிலேயே நின்றேன்.

மறுநாள் றொபி வந்தான். அவனை முன்னறையில் நிற்கவைத்துவிட்டு நான் கீழே ஊர்ந்து போனேன். அந்தப் பாய் இருந்த இடத்தில் மல்லாந்து படுத்தேன். "இப்ப நட" என்று கத்தினேன்.

"என்னத்துக்கு அண்ணை?"

"நட எண்டா நட. பாக்கியம் எண்டு கூப்பிட்டுக்கொண்டு நட."

றொபி நல்ல பொடியன். குடிக்காதவன். ஒருவருக்கும் கை ஓங்காதவன். அவன் வெறும் காலோடு நடந்தபோதே மூக்கின் மேல் மண் கொட்டியது. ஒவ்வொரு அடியும் என் நெஞ்சின் மேல் வைப்பது போல் இருந்தது. அவன் அந்தப் பெயரை இரண்டாம் தடவை கூப்பிட்டபோது போதும் என்று சொல்ல வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவன் பாவம், நான் மயங்கிவிட்டேன் என்று பயந்து பலகை இரண்டைக் கழற்றிவிட்டான். என் முகத்தைப் பார்த்தான். தண்ணீர் கொண்டு வந்து தந்தான்.

மணலில் இரண்டு பள்ளம் இன்னும் இருக்கிறது. பெரியது ஒன்று. அதற்கு வலப்பக்கம் சின்னது ஒன்று. ஏன் வலப்பக்கம் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அந்தக் காதுதானே கேட்டது.

மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய உன் அம்மா கோயில் சேமக்காலை மண்ணுக்குள் கிடக்கிறாள். உன்னிடம் கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டி வரும். அந்தப் பாரத்தை உனக்குத் தர எனக்கு விருப்பமில்லை.

றொபியிடம் கிரவல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாலை மரம் இரண்டு வாங்கி மாற்றுவதாகப் பேச்சு.

சீப்பு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அப்பா


கத்தானியா
2024 ஜூலை 31

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இந்த முறை வந்த அன்றே திறந்தேன்.

றொபி அண்ணை நடந்ததையும் நீங்கள் கீழே கிடந்ததையும் வாசித்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. நல்லது, கிடக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு உங்கள் முழங்கால் வலியை நினைத்தேன். இரண்டையும் உங்களுக்கு மறைக்கவில்லை.

எனக்கு உங்களில் மட்டும் கோபம் என்று நினைக்க வேண்டாம். அம்மாவிலும் கோபம். எனக்கு ஒன்பது வயதில் ஒருநாள் அம்மா உடுப்பைப் பையில் கட்டிக்கொண்டு, சிலாபத்துக்கு மாமா வீட்டுக்குப் போகிறோம், இனி இங்கே வரமாட்டோம் என்று சொன்னா. பாலாவிச் சந்தி வரைக்கும் போனோம். சிலாபம் பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் சிங்களத்தில் "ஹலாவத, ஹலாவத" என்று கூப்பிடுகிறான். அம்மா படியில் ஒரு காலை வைத்தா. வைத்துவிட்டு எடுத்துவிட்டா. எனக்கு ஒரு பனிஸ் வாங்கித் தந்து, திரும்பிக் கல்பிட்டி பஸ்ஸில் ஏற்றினா. ஏன் அம்மா என்று கேட்டேன். "கோழிக்குத் தண்ணி வைக்க மறந்துபோனன்" என்றா.

அந்தக் கோழிகளை நான் அதற்குப் பிறகு தின்றதே இல்லை.

பெரியவளாகி இங்கே வந்த பிறகு ஃபோனில் எத்தனை தரம் கேட்டிருப்பேன், ஏன் திரும்பினீங்கள் என்று. சிரித்துச் சமாளிப்பா. கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து நேர்ஸ் ஒருத்தி ஃபோனைப் பிடித்துக் காட்டினாள். கொரோனாக் காலம். விமானமும் இல்லை. அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. நான் அப்போதும் அதைத்தான் கேட்க நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டேன். சாகப்போகிற மனுஷியிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டேன், அப்பா.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள். கடலின் நிறத்தைப் பார்த்து எங்கே மீன் நிற்கிறது என்று சொல்லுகிற ஆள் நீங்கள். ஒரு சின்ன வீட்டில், ஐந்து வருஷம், இரண்டு பேர் உங்கள் காலுக்குக் கீழே படுத்திருந்தார்கள். உங்களுக்குத் தெரியவே தெரியாதா? எனக்குப் பதினொரு வயதானபோது நீங்கள் தேடுவதை நிறுத்தினீர்கள். அம்மா அது அன்னம்மாள் செய்த புதுமை என்று சொல்லித் தலவிலைக்கு நடந்தே போனா. உண்மையில் என்ன நடந்தது?

சுஜாந்தி


குறிஞ்சிப்பிட்டி
2024 ஓகஸ்ட் 24

மகளுக்கு,

தெரியும்.

முதல் கடிதத்தில் விளையாட்டு வீடா என்று கேட்டு எழுதியது பொய். நீயாகச் சொல்லமாட்டாயா, சொன்னால் நானும் என்னுடையதைச் சொல்லலாமே என்று எழுதினேன். அதையும் நேராகச் செய்யத் துணிவு வரவில்லை.

நடந்தது இதுதான். அந்த வருஷச் சோழகத்தில் ஒருநாள் மத்தியானம் வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. கூப்பிட்டேன், கத்தினேன், கதிரையைத் தூக்கி எறிந்தேன். களைத்துப்போய் முன்னறைப் பலகையிலேயே குப்புற விழுந்தேன். நித்திரை வரவில்லை. காது பலகையில் ஒட்டிக்கொண்டு இருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு சத்தம் கேட்டது. எலி என்று நினைத்தேன். பிறகு விளங்கியது, அம்மா சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நீ ஏதோ சொல்லியிருக்கிறாய். நீயும் சிரித்தாய்.

அம்மா சிரிக்கிற சத்தத்தை நான் கல்யாணம் முடித்த புதிதில் கேட்டேன். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் கேட்கவில்லை. அவளுக்குச் சிரிக்கத் தெரியாமல் போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னோடுதான் சிரிக்கவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

மூச்சு விட்டால் நிறுத்திவிடுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு எழும்பி, வேண்டுமென்றே கதவைப் பலமாகச் சாத்திக்கொண்டு கடற்கரைக்குப் போனேன், நீங்கள் வெளியே வரட்டும் என்று.

அன்றைக்கே திருந்தினேன் என்று சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் மூன்று தடவை குடித்தேன். ஆனால் வீட்டுக்கு வரவில்லை, கடற்கரையில் மீன் வாடியிலேயே கிடந்தேன். பிறகு அதையும் விட்டேன். அம்மா தலவிலைக்கு நேர்த்தி கொடுக்கப் போனபோது மெழுகுதிரியைச் சுமந்துகொண்டு பின்னால் போனது நான்தான். "அன்னம்மாள் கேட்டிட்டா" என்று வழி முழுக்கச் சொன்னாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் பதினெட்டு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தேன். சொன்னால், இனி ஒளிய ஒரு இடமும் இல்லை என்று பயந்துவிடுவாளோ என்று விட்டுவிட்டேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்.

பாலாவி விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. அவள் ஏன் திரும்பினாள் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. எனக்காக என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. நினைக்க எனக்கு உரிமை இல்லை. நீ சாப்பிட்டீங்களா என்று கேட்டதற்காக மனம் நோகாதே. மறுநாள் காலையில் நான் போனபோது, நேர்ஸ் தந்த கஞ்சியில் நாலு கரண்டி குடித்தாள். அதற்கு முந்தின இரண்டு நாளும் வாய் திறக்காதவள். இதை உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

றொபி வேலையை முடித்துவிட்டான். மரம் இரண்டும் மாற்றியாயிற்று. கீழே எதையும் தொடவில்லை.

மகள், நீ ஒரு தடவை வா. என்னைப் பார்க்க என்று கேட்கவில்லை. அந்த இடத்தில் படுக்க ஆசை என்று எழுதினாயே, அதற்காக வா. மார்கழியில் கடல் திறந்திருக்கும், நான் எப்படியும் உச்சமுனை வாடிக்குப் போய்விடுவேன். நீ நிற்கும் வரைக்கும் அங்கேயே நிற்பேன். வீட்டுத் திறப்பு மைமூனா ராத்தாவிடம் இருக்கும். நீ பயணம் போன பிறகு நான் வீட்டுக்கு வருகிறேன்.

நான் கேட்பது அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் என்று எழுதிவிட்டு, பேனையை வைக்க முடியாமல் இருக்கிறேன்.

அப்பா


கத்தானியா
2024 செப்ரெம்பர் 19

அப்பாவுக்கு,

நாங்கள் அன்றைக்கு எதற்குச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை. கடிதம் வந்து நாலு நாளாக அதையேதான் யோசிக்கிறேன். அம்மா இருந்தால் சொல்லுவா.

கஞ்சி குடித்ததைச் சொன்னதற்கு நன்றி. அதை வாசித்த அன்று வேலைக்குப் போகவில்லை.

நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். எழுதவில்லை. ஆனால் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கடற்கரைக்குப் போன அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மா பயந்துபோய் என்னை இறுக்கிப் பிடித்தா. இப்போது அது வேறு சத்தமாகக் கேட்கிறது.

லீவு கிடைத்திருக்கிறது. டிசம்பர் பதினாறாம் திகதி கட்டுநாயக்காவில் இறங்குகிறேன். பத்து நாள் நிற்பேன். விமான நிலையத்துக்கு வர வேண்டாம், நானே பஸ்ஸில் வருகிறேன். பாலாவியில் இறங்கி மாற எனக்குத் தெரியும்.

முதல் மூன்று நாள் நீங்கள் வாடியில் நில்லுங்கள். எனக்கு அம்மாவோடு கொஞ்சம் இருக்க வேணும். அதற்குப் பிறகு றொபி அண்ணை கீழே கிரவல் நிரப்புவதென்றால் நிரப்பட்டும், எனக்குச் சம்மதம்.

நாலாம் நாள் வாருங்கள். மத்தியானம் வாருங்கள். சோறு ஆக்கி வைக்கிறேன்.

மகள்
சுஜாந்தி